பாதிப் போத்தல்

2023 ஆடி மாதம். கச்சான் காற்று உவர்மலைத் தெருக்களில் புழுதியை வாரிக்கொண்டுபோன ஒரு பின்னேரம். சின்னம்மாவைக் கட்டிலில் மல்லாக்காகப் படுக்கவைத்துவிட்டு, கையில் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் போத்தலுடன் நெடுநேரம் நின்றேன். ஐந்து மில்லிலீற்றர் மருந்து. பிரெட்னிசொலோன் என்று மேலே எழுதியிருந்தது. 30 வருடத்துக்கு மேல் தாதியாக வேலை செய்தவள் நான். அதில் பெரும்பகுதி கண் வாட்டிலும் கண் தியேட்டரிலும் கழிந்தது. அப்படியான போத்தல்களை எத்தனை ஆயிரம் தரம் திறந்திருப்பேன். அன்றைக்கு மூடியைத் திருக மனம் வரவில்லை. தொகுதி எண்ணைப் பார்த்தேன். காலாவதித் திகதியைப் பார்த்தேன். யன்னலடிக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன். அதில் பயனில்லை என்று எனக்குத் தெரியும். பிரெட்னிசொலோன் பால் போலக் கலங்கலான மருந்து. குலுக்கித்தான் விட வேண்டும். உள்ளே கிருமி இருந்தாலும் கண்ணுக்குப் பிடிபடாது.

"என்ன பிள்ள, மருந்தை விடாம நிண்டு யோசிக்கிறாய்?" என்று சின்னம்மா கேட்டா.

நுவரெலியாவை நினைத்துக்கொண்டு நின்றேன். அந்த ஆண்டு ஏப்ரலில் அங்குள்ள மாவட்டப் பொது மருத்துவமனையில் கண்புரை அறுவை செய்துகொண்ட பத்துப் பேரளவில் கண்ணில் கிருமித்தொற்று வந்து, சிலர் பார்வையையே இழந்தார்கள். அறுவைக்குப் பிறகு விடப்பட்ட, இந்தியாவில் தயாரான பிரெட்னிசொலோன் சொட்டு மருந்தின் மேல் சந்தேகம் விழுந்து அந்த மருந்து பாவனையிலிருந்து எடுக்கப்பட்டது. அதற்குச் சில மாதம் முன்னர்தான் இன்னொரு செய்தி வந்திருந்தது. சென்னைக்கு அருகே தயாராகி அமெரிக்காவில் விற்பனையான செயற்கைக் கண்ணீர் மருந்தால், எந்த அன்ரிபயோட்டிக்குக்கும் இலகுவில் மடியாத சூடோமோனாஸ் கிருமி பரவியிருந்தது. கடைசிக் கணக்கில் 18 மாநிலங்களில் 81 பேர். நாலு பேர் செத்தார்கள். 14 பேருக்குப் பார்வை போனது.

சின்னம்மாவின் கையில் தந்துவிட்டது வேறு கம்பனியின் மருந்து. ஆனாலும் பிரெட்னிசொலோன் வீக்கத்தை ஆற்றும்போது கண்ணின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து ஆற்றிவிடும் மருந்து. காவலாளியைத் தூங்கவைக்கிற மருந்துக்குள்ளேயே கள்ளன் ஒளிந்திருந்தால் அந்தக் கண்ணுக்கு என்ன வழி என்ற யோசனை என்னை விடவில்லை. அதைவிட, சின்னம்மா சம்மதிக்க ஆறு வருடம் பிடித்திருந்தது. அவவின் பயம் வேறு எங்கிருந்தோ வந்ததல்ல, எங்கள் வீட்டிலேயே பிறந்தது.

அம்மம்மாவின் வீடு சம்பூரில். கொட்டியாரக் குடாவின் தென்கரை அது. இரவில் கரைக்குப் போனால் எதிரே திருகோணமலை வெளிச்சம் தெரியும். குடாவில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களின் விளக்குகளும் தெரியும். இராச்சாப்பாடு முடிந்ததும் அம்மம்மா கரையில் நின்று கப்பல் எண்ணுவா. "இண்டைக்கு மூண்டு" என்பா. "இண்டைக்கு ஒண்டையும் காணேல்ல" என்பா. விடுமுறைக்குப் போகும் நானும் கூட நின்று எண்ணுவேன். ஒருநாள் "இண்டைக்கு ஏழு கப்பல்" என்றா. நான் எண்ணினேன். மூன்றுதான் நின்றன. கண்ணின் வில்லை கலங்கத் தொடங்கினால் ஒரு விளக்கு இரண்டாகவும் மூன்றாகவும் சிதறித் தெரியக்கூடும் என்று பின்னாளில் வகுப்பில் படித்தபோது, அந்த ஏழு கப்பலும் ஒன்றாக என் முன்னே வந்து நின்றன.

1981 மார்கழியில் அவவுக்குக் கற்றரக்ட் ஒப்பரேசன் செய்தார்கள். எனக்கு அப்போது 14 வயது. எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை. அங்கே யாரும் பிழை விட்டதாகவும் நான் நினைக்கவில்லை. அந்தக் காலத்து அறுவை இன்றையது போன்றதல்ல. கருவிழியின் ஓரத்தில் அரைவட்டமாக வெட்டி, புரை பிடித்த வில்லையை உறையோடு முழுசாக வெளியே எடுத்து, நூலால் தைத்துவிடுவார்கள். உள்ளே வைக்க லென்ஸ் இல்லை. ஆறு கிழமை கழித்துத் தடித்த கண்ணாடி கொடுப்பார்கள். தலை அசையாமலிருக்க இரண்டு பக்கமும் மணல் மூட்டை. அசையாதே, இருமாதே, குனியாதே என்று ஒரு கிழமை. அறுவை முடியும்போது வெண்விழியின் மேல்தோலுக்கு அடியில் ஜென்டமைசின் ஊசி ஒன்று போடுவது அந்தக் காலத்துக் காவல்.

எட்டாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். லோஞ்சில் மூதூருக்கு வந்து, அங்கிருந்து சம்பூருக்குக் கூட்டிவந்தோம். பத்தாம் நாள் விடியப்புறம் அம்மம்மா எழும்பி, கண்ணுக்குள்ளே குத்துது என்றா. "வெட்டின கண் நோகாம என்ன செய்யும்" என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். மத்தியானத்துக்கிடையில் இமை வீங்கி மூடிக்கொண்டது. அந்தப் பின்னேரம் சின்னம்மா ஒரு காரியம் செய்தா. அவவுக்கு அப்போது 24 வயது. மடியில் ஆறு மாதக் கைக்குழந்தை. கண் நோவுக்குத் தாய்ப்பால் விடுவது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்கிற வைத்தியம். நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றுவதும் அப்படித்தான். சின்னம்மா குழந்தையை என் கையில் தந்துவிட்டு, அம்மம்மாவின் தலையைத் தன் மடியில் வைத்து, வீங்கிய இமையை விரலால் விரித்து, பாலைப் பீய்ச்சி விட்டா. குழந்தை என் தோளில் வீரிட்டுக் கத்தியது. அம்மம்மா, "குளிருது பிள்ள, நல்லாக்கிடக்கு" என்றா.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் கடல் விடவில்லை. மார்கழி வாடை. குடா நுரைத்துக்கொண்டு கிடந்தது. லோஞ்ச் ஓடவில்லை. தரையால் போவதென்றால் இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா என்று நாலு இடத்தில் பாதை ஏற வேண்டும். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் மிதவை. மகாவலி வெள்ளம் வந்து சேருகிற வாய் அது. மழை காலத்தில் பாதையும் நின்றுவிடும். இரண்டு நாள் காத்திருந்தோம். மூன்றாம் நாள் லோஞ்ச் ஓடியது. டொக்டர் இமையைத் தூக்கியபோது கருவிழி இருந்த இடத்தில் மஞ்சள் நிறம்தான் தெரிந்தது. கண்ணின் உள்ளே இருந்ததெல்லாவற்றையும் எடுத்துத் துப்புரவாக்கிக் கட்டி அனுப்பினார்கள்.

அம்மம்மா அதற்குப் பிறகு 13 வருடம் இருந்தா. மற்றக் கண்ணிலும் புரை முற்றியது. அதைத் தொட விடவில்லை. அவ மட்டுமல்ல, எங்கள் ஒழுங்கையில் புரை விழுந்த ஒருவரும் ஒப்பரேசனுக்குப் போகவில்லை. "அவவுக்கு நடந்ததைக் கண்டனீங்கள்தானே" என்பார்கள். ஒரு கண் கெட்டால் அந்தக் கணக்கு ஒன்றோடு நிற்காது என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. சம்பூரில் பார்த்தேன். சுகமாக்கக்கூடிய குருட்டோடு, யாரோ ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போய்வந்த எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். கூட்டிப்போன பிள்ளைகளில் சிலருக்குப் பள்ளிக்கூடம் நின்றுபோனது.

நான் தாதியானதற்கு அம்மம்மாவின் கண் காரணமல்ல. 1991-இல் கிடைத்த வேலை அது. கண் பிரிவுக்கு என்னை மாற்றியதும் தற்செயல். ஆனால் அங்கே முதல் கிழமையே ஒன்றைக் கேட்டறிய வேண்டியிருந்தது: உடம்பில் எத்தனையோ இடத்தில் வெட்டுகிறார்கள், கொஞ்சம் சீழ் வைத்தாலும் மருந்தால் ஆறிவிடுகிறது, கண் மட்டும் ஏன் இரண்டு நாளில் போய்விடுகிறது? எங்களுக்குப் பாடம் எடுத்த டொக்டர் ஒரு முட்டையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் விளக்கினார். கண்ணின் நடுவில் நிறைந்திருக்கிற பளிங்குக் கூழில் இரத்தக் குழாய் இல்லை. இருந்தால் வெளிச்சம் போகாது. இரத்தம் போகாத இடத்துக்கு உடம்பின் காவலும் போகாது, விழுங்குகிற குளிசையும் போதிய அளவு போய்ச் சேராது. கிருமிக்கோ அது வெதுவெதுப்பான, சத்துள்ள கூழ். வெளிச்சத்துக்காகத் திறந்து வைத்த வீடு என்று அவர் சொன்னார். அந்தத் தொற்றுக்கு எண்டொப்தல்மைட்டிஸ் என்று பெயர். நாங்கள் வாட்டில் அந்தப் பெயரை மெதுவாகத்தான் சொல்வோம்.

அதைத் தடுக்கிற வேலையில் முதற்பங்கு அன்ரிபயோட்டிக்குக்கு அல்ல, பொவிடோன் அயோடினுக்கு. மண்ணிறமான, மலிவான மருந்து. 5 வீதக் கரைசலை அறுவைக்கு முன் கண்ணுக்குள்ளேயே விட்டு, மூன்று நிமிடம் வைத்திருக்க வேண்டும். இதன் பயனை 1991-இல் நியூயோர்க் வைத்தியர்கள் எழுதிக்காட்டினார்கள். அதே ஆண்டு, அதே ஊரிலிருந்து இன்னொரு ஆய்வும் வந்தது. அறுவைக்குப் பின் கண்ணுக்குள் தொற்று வந்த 17 பேரில், 14 பேரின் கண்ணுக்குள் இருந்த கிருமி அவர்களுடைய இமையிலோ வெண்விழியின் மேல்தோலிலோ மூக்கிலோ இருந்த அதே கிருமிதான் என்று மரபணுவைப் பார்த்துச் சொன்னார்கள். வெளியிலிருந்து வந்த எதிரி குறைவு. நாங்கள் பிறந்த நாள் முதல் எங்கள் இமை மயிரில் குடியிருக்கிற கிருமிதான் கத்தி திறந்த வழியால் உள்ளே போகிறது.

அந்த மூன்று நிமிடம் என் பொறுப்பில் இருந்தது. லிஸ்ட்டில் 20 பேர் காத்திருப்பார்கள். டொக்டர் கை கழுவி உறை போட்டுக்கொண்டு நிற்பார். "மிஸ், ஆச்சா?" என்பார். சுவர் மணிக்கூட்டில் முள் மூன்று சுற்று வரும்வரை நான் வாய் திறக்கமாட்டேன். ஒரு நிமிடம் மிச்சம் பிடித்தால் 20 பேருக்கு 20 நிமிடம் மிச்சம். மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரத்தோடு போகலாம். அந்த 20 நிமிடத்தை ஒருநாளும் எடுத்ததில்லை. என் வேலைக்காலத்தில் நான் பெருமையாக நினைப்பது எதை என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இமை மயிரைக் கத்தரிக்கோலால் வெட்டிய காலத்தையும் கண்டேன். பிற்பாடு அது நின்று, ஒட்டுகிற பிளாஸ்ரிக் தாளால் மயிரை மூடி மடக்குவது வந்தது. அறுவைக்கு முன்னர் கண்ணீர்க் குழாயில் தண்ணீர் விட்டுப் பார்ப்போம். சீழ் திரும்பி வந்தால் அன்று அறுவை இல்லை, முதலில் அதற்கு வைத்தியம். சீனி கூடியிருந்தாலும் இல்லை. "இவ்வளவு தூரம் வந்திட்டம் மிஸ், இண்டைக்கே செய்துவிடுங்கோ" என்று வெருகலிலிருந்தும் புல்மோட்டையிலிருந்தும் வந்தவர்கள் கெஞ்சுவார்கள். திருப்பி அனுப்பும்போது மனம் வலிக்கும். அனுப்பத்தான் வேண்டும்.

அன்ரிபயோட்டிக்கைப் பற்றித்தான் என் காலத்தில் அதிகம் மாறியது. அம்மம்மாவுக்குப் போட்ட மாதிரியான ஊசி முதலில். பிறகு முன்னும் பின்னும் சொட்டு மருந்து. பிறகுதான், மருந்தைக் கண்ணின் வெளியே ஏன் விட வேண்டும், அறுவை முடிகிற கணத்தில் உள்ளேயே வைத்தால் என்ன என்ற யோசனை வந்தது. சுவீடனில் 1990களிலேயே செபுரொக்சிமை அப்படி வைத்துப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஐரோப்பாவின் 9 நாடுகளில் 24 கண் பிரிவுகள் சேர்ந்து, 16,000க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்தன. 1 மில்லிகிராம் செபுரொக்சிம், 0.1 மில்லிலீற்றரில். இரண்டு துளி அளவுதான். அது வைத்த கண்களில் தொற்று ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகக் குறைந்தது. வேறுபாடு அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் 2006-இல் புதிய ஆட்களைச் சேர்ப்பதை முன்கூட்டியே நிறுத்தி, 2007-இல் முழு முடிவையும் வெளியிட்டார்கள்.

ஆனால் செபுரொக்சிம் தூளாக வரும் மருந்து. அதை இரண்டு மூன்று தரம் கரைத்துக் கரைத்து அந்த அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கணக்குத் தவறினால் மருந்தே விழித்திரையைக் கெடுக்கும். நெருக்கடியான தியேட்டரில் அந்தக் கணக்கைச் செய்கிற தாதியின் கை நடுக்கம் எப்படி என்று எனக்குத் தெரியும். எங்களைப் போன்ற இடங்களுக்கு வழி காட்டியது மதுரை. 1976-இல் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 கட்டிலோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், மொக்சிபுளொக்சசினை, பாதுகாப்பு இரசாயனம் கலவாமல், கரைக்கத் தேவையில்லாத கரைசலாக வைத்துப் பார்த்தார்கள். ஹரிப்பிரியா அரவிந்த் என்ற வைத்தியரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2019-இல் வெளியிட்ட கணக்கில் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட அறுவைகள் இருந்தன. மருந்து வைக்காத 10,000 கண்ணில் 7 கண்ணுக்குத் தொற்று. வைத்த 10,000-இல் 2. அந்தத் தாளை வாட்டு மேசையில் வைத்து வாசித்த இரவு எனக்கு நல்ல நினைவு. 7-க்கும் 2-க்கும் நடுவில் இருக்கிற அந்த ஐந்து பேரும் எனக்கு எண்களாகத் தெரியவில்லை. ஐந்து பேருக்கும் அம்மம்மாவின் முகம்தான் இருந்தது.

இதில் இன்னொரு நன்மையையும் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் விடுகிற சொட்டு மருந்து இமையிலும் மூக்கிலும் உள்ள கிருமிக்கெல்லாம் பழக்கம் கொடுக்கிறது. மருந்துக்கு மடியாத கிருமி அப்படித்தான் உருவாகிறது. தேவையான இடத்தில், தேவையான நேரத்தில், ஒரே ஒரு தரம் வைப்பது அதைவிடப் பொறுப்பான செயல். எங்கள் நாட்டில் கண் சிவந்தால் பாமசிக்குப் போய் அன்ரிபயோட்டிக் சொட்டு மருந்து கேட்பதும், அவர்கள் எடுத்துக் கொடுப்பதும் எனக்குக் கோபம் வரவைக்கிற காரியம்.

எந்தத் துளியும் எல்லாவற்றையும் காக்காது என்பதற்கும் சாட்சி உண்டு. 2008 யூலையில் விழுப்புரம் மாவட்டத்தில் நடந்த இலவசக் கண் முகாமிலிருந்து கூட்டிப்போய் அறுவை செய்யப்பட்டவர்களில் 66 பேர் பார்வை இழந்தார்கள். அனைவரும் ஏழைகள். ஒருவருக்கு வந்தால் அவருடைய இமைக் கிருமியாக இருக்கலாம். ஒரே நாளில் வரிசையாக வந்தால் அது கருவியிலோ கழுவுகிற நீரிலோ மருந்திலோ வந்தது.

சின்னம்மாவின் கண்ணுக்கு வருகிறேன். 2006-இல் சம்பூரை விட்டு எல்லோரும் ஓடினார்கள். சின்னம்மா கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டிலில் வருடக்கணக்காக இருந்தா. அங்கேதான் கண் மங்கத் தொடங்கியது. ஊர் திரும்பியபோது வளவையும் கிணற்றையும் தடவித்தான் அறிந்தா. நான் ஒவ்வொரு வருடமும் கேட்பேன். "வேண்டாம் பிள்ள, இருக்கிறது காணும்" என்பா. 2009-இல் கிண்ணியாப் பாலம் திறந்தது. பிறகு மற்ற மூன்று ஆற்றுக்கும் பாலம் வந்தது. சம்பூரிலிருந்து திருகோணமலைக்கு இப்போது காற்றும் வெள்ளமும் பார்க்காமல் வரலாம். ஆனாலும் அவ வரவில்லை. 2022-இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, லென்ஸையும் மருந்தையும் வெளியில் வாங்கிவரச் சொல்லி ஆட்களை அனுப்ப வேண்டியிருந்த அந்தக் கெட்ட வருடத்தில், நானே அவவிடம் கேட்பதை நிறுத்தினேன். அடுத்த வருடம் அவவாகவே சம்மதித்தா. பேத்தியின் முகம் தெரியவில்லையாம்.

அறுவைக்கு முதல்நாள் இரவு என் வீட்டு விறாந்தையில் கதிரை போட்டு இருந்தோம். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. திடீரென்று சின்னம்மா சொன்னா, "அம்மாட கண்ணைக் கெடுத்தது நான்தான். உனக்குத் தெரியும். நீ கண்டனி. படிச்சனி. ஒருநாளும் நீ சொல்லேல்ல, அவ்வளவுதான்."

42 வருடம். நான் அதிர்ந்துபோனேன். இல்லை என்று உடனே சொல்லியிருக்கலாம். நோயாளிகளுக்கு அப்படிச் சொல்லி என் நாக்குக்குப் பழக்கம். ஆனால் சின்னம்மா ஆறுதலைக் கேட்கவில்லை, உண்மையைக் கேட்டா. அதனால் வாட்டில் ஒரு நோயாளியை விசாரிப்பது போல விசாரித்தேன்.

"பால் விட்டது எப்ப, சின்னம்மா?"

"பின்னேரம். நீதானே பிள்ளையை வச்சிருந்தனி."

"நோவு தொடங்கினது எப்ப?"

"விடியப்புறம்."

"அப்ப, நோவு வந்தபிறகுதானே பால் விட்டனீங்கள்?"

சின்னம்மா பேசவில்லை. இரண்டு நிகழ்வும் அவவின் மனதுக்குள் ஒன்றாகி, எது முன்னே எது பின்னே என்பது அழிந்துபோயிருந்தது. விடியப்புறம் கண்ணுக்குள்ளே குத்தியது என்றால் கிருமி அதற்கு முன்னமே உள்ளே போய்விட்டது. அனேகமாக அம்மம்மாவின் சொந்த இமையிலிருந்து, நூல் போட்ட வாயால் போயிருக்கும் என்று சொன்னேன். 17 பேரில் 14 பேரின் கதையையும் சொன்னேன். பால் நல்லது செய்யவில்லை என்பதையும் மறைக்கவில்லை. கண்ணைக் கொண்டுபோனது அந்த இரண்டு நாள். நோவு தொடங்கிய அன்றே போயிருந்தால் அந்தக் காலத்தில் என்ன செய்திருப்பார்களோ தெரியாது. இன்றைக்கென்றால் கண்ணுக்குள் ஊசியால் வன்கோமைசினும் செப்டாசிடிமும் வைப்பார்கள், மணித்தியாலக் கணக்கில் விரைவாக வந்தவர்களுக்குப் பார்வை மிஞ்சியதை நான் கண்டிருக்கிறேன் என்றேன். "நோகுது, சிவக்குது, முந்தித் தெரிஞ்சது மங்குது, இந்த மூண்டில ஒண்டு வந்தாலும் நடுச்சாமம் எண்டாலும் என்னை எழுப்ப வேணும்" என்று சொன்னேன்.

"அப்ப நோகக் கூடாதோ?"

"கரகரக்கும். தண்ணி வடியும். நோவு நாளுக்கு நாள் கூடக் கூடாது."

"இதை அண்டைக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றா சின்னம்மா. நெடுநேரம் கழித்து எழும்பிப் போய்ப் படுத்தா. நான் விறாந்தையிலேயே இருந்தேன்.

மறுநாள் அவவின் மகன்தான் ஓட்டோவில் கூட்டிப்போனான். சீனக்குடா மா ஆலையில் வேலை செய்கிறான். அன்று லீவு போட்டிருந்தான். 1981-இல் என் தோளில் கிடந்து கத்திய குழந்தை அவன்தான். அறுவை கால் மணித்தியாலத்துக்குள் முடிந்தது. தையல் இல்லை. கடைசியில் உள்ளே வைக்கிற மருந்து வைத்தார்களா என்று வெளியே வந்த தாதியிடம் கேட்டேன். என்னோடு வேலை செய்த பிள்ளை. "வச்சது அக்கா, மூண்டு நிமிசமும் பாத்தனான்" என்றாள்.

பிறகு அந்தப் போத்தல். அன்றைய பின்னேரம் நான் அதைத் திறக்கத்தான் செய்தேன். மருந்தை விடாமல் வைப்பதும் கண்ணுக்குக் கேடுதான், வீக்கம் தணியாது. தொகுதி எண்ணை ஒரு கொப்பியில் எழுதினேன். நாளும் நேரமும் எழுதினேன். சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, துணியில் துடைக்காமல் உலரவிட்டு, கீழிமையை இழுத்து, போத்தலின் மூக்கு இமை மயிரில் படாமல் ஒரு துளி. ஐந்து நிமிடம் விட்டு மற்ற மருந்து. இரவில் கண்ணுக்கு மேல் பிளாஸ்ரிக் மூடி. தலை முழுக்கு இல்லை. நெற்றியில் விபூதி பூசுவதுகூட இல்லை, உதிர்ந்து கண்ணில் விழும். கோணேசர் கோயில் விபூதியைச் சின்னம்மா தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டா. நான் கை கழுவும் சத்தம் கேட்காமல் அறைக்குள் வந்தால், "கழுவினியோ?" என்று கேட்பா. மூன்றாம் நாள், நாலாம் நாள், பத்தாம் நாள் எல்லாவற்றையும் அவ விரல் விட்டு எண்ணினா. பத்தாம் நாள் விடியப்புறம் நான் எழும்பிப் போனபோது, கட்டிலில் நிமிர்ந்து இருந்துகொண்டு, மற்றக் கண்ணைக் கையால் பொத்தியபடி சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தா.

ஒரு மாதம் கழிந்தது. பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைக்குக் கண் சிவந்து பீளை தள்ளியது. பின்னேரம் நான் சந்தையிலிருந்து வந்து படலையைத் திறக்கும்போது, சின்னம்மா வேலியடியில் நின்று அந்தப் பிள்ளையின் தாயோடு கதைத்துக்கொண்டிருந்தா. கையில் அந்த மருந்துப் போத்தல்.

"நல்ல மருந்து பிள்ள. எனக்குக் கண் வந்ததே இதாலதான். பாதி கிடக்குது" என்று வேலிக்கு மேலால் நீட்டினா.

நான் பையைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் அவவின் கையைப் பிடித்தேன். திறந்து ஒரு மாதமான போத்தல், ஒருவரின் கண்ணுக்கு விட்டது, கிருமி பிடித்த கண்ணில் எதிர்ப்பைத் தணிக்கிற மருந்து. இதையெல்லாம் அந்தத் தாய்க்குச் சொல்லி, பிள்ளையை அன்றைக்கே கிளினிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். சின்னம்மா என் முகத்தைப் பார்த்தா. பிறகு போத்தலைப் பார்த்தா. மூடியை அவவே திருகிக் கழற்றி, கிணற்றடிக்குப் போகாமல் வேலியோரத்து மண்ணில் கவிழ்த்து, வெள்ளைத் துளி துளியாக முழுவதையும் விட்டா. பிறகு உள்ளே போய் பைப்படியில் கை கழுவினா.